ஜான் பாஷாவின் ஆறுமணிக் குருவி

செவ்வாய்ப்பேட்டையில் ஜான் பாஷாவைத் தேடி ஆள் ஓடி வந்தால் யார் வீட்டிலோ சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் பிடிக்க வேறு ஸ்டூடியோ இருந்தது. அங்கே திரைச்சீலையில் மாளிகையும் தாமரைக் குளமும் எழுதி வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு அங்கே போனார்கள். பாஷாவுக்கு வாய்த்தது பிணங்கள். பிணம் நடந்து வராதே, அதனால் இவர்தான் காமிராப் பெட்டியையும் மூன்றுகால் கட்டையையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அந்தக் காலத்தில் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள் அதிகம். எழுபது வயது வரை காமிராவின் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனுஷர் செத்துப் போனதும், குளிப்பாட்டி மாலை போட்டு நாற்காலியில் உட்கார்த்தி, தாடையை வேட்டிக் கிழிசலால் கட்டி, 'பாயைக் கூப்பிடு' என்பார்கள். பாஷா எடுத்துக் கொடுக்கிற படத்தில் கட்டு இருக்காது. மூடிய கண்ணும் இருக்காது. அவர் மனைவி வஹீதுன்னிசா படத்தில் மூடியிருக்கும் இமையின் மேல் மயிரிழைத் தூரிகையால் இரண்டு கண்மணி வைத்து, அதில் ஊசிமுனையளவு வெள்ளையும் வைத்துவிடுவாள். செத்தவர் படத்திலிருந்து 'என்னடா பார்க்கிறாய்?' என்று கேட்பார். சேலம் முழுக்க அந்தக் கண்ணுக்குப் பேர் இருந்தது. 'செத்தவனைப் பிழைக்க வைக்கிற பாய்' என்றே சொல்வார்கள்.

அந்தப் பட்டத்தைக் காதில் கேட்டால் பாஷாவுக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்தது போல் இருக்கும். ஏற்கெனவே மூக்கின் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிற ஆள். ஒருமுறை மளிகைக் கடையில் எவனோ அப்படிக் கூப்பிட்டதற்கு, வாங்கின பருப்பைத் திருப்பிக் கொட்டிவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தார். அன்று வீட்டில் பருப்பில்லாத குழம்பு.

"ஏங்க, பேருதானே வெச்சாங்க, சோத்தை நிறுத்திட்டாங்களா?" என்றாள் வஹீதுன்னிசா.

"உனக்கென்ன, நீ உள்ளே உக்காந்து கண்ணு வெக்கிற. பொண வாடையை முகர்றவன் நான்" என்று கத்தினார். கத்தினாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில், தானாகக் கண் திறந்து அவருடைய காமிராவைப் பார்த்த முகங்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். கடைசி வரைக்கும் அவர் பிழைப்பு அப்படித்தான் போயிற்று. ஒரே ஒரு குளிர்காலம் மட்டும் வேறொன்றுக்கு ஆசைப்பட்டார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. ஐப்பசியில் சங்ககிரிக்குப் பக்கத்தில் கருப்பண்ணன் என்கிற தோட்டக்காரர் இறந்துபோனார். பாஷா போய்ப் படம் பிடித்து வந்தார். கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில், கண் வைத்துச் சட்டம் போட்ட படத்தைக் கொடுக்க மறுபடி ரயிலேறிப் போனார். கருப்பண்ணனின் மனைவி சென்னியம்மாள், நாற்பது வயசுக்காரி, புருஷன் போன மறுவாரமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எலுமிச்சைக்கு மடை திருப்பப் போனவள். படத்தை வாங்கி முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க பாய், என்னையவே பாக்கறாருங்களே" என்றாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள்.

அழுது முடித்ததும் மோர் கொண்டுவந்தாள். பாஷா வேண்டாமென்றார். நோன்பு மாசம், பொழுது விழாமல் எச்சில்கூட விழுங்க முடியாது. அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது, பொழுது இருக்கிறதா விழுந்ததா என்றே தெரியவில்லை. பாஷாவின் கைக்கடிகாரம் ரயிலிலேயே நின்றுபோயிருந்தது. அதை உதறி உதறித் திட்டிக்கொண்டிருந்தார்.

"அதை ஏனுங்க அடிக்கறீங்க? செத்த பொறுங்க. குருவி கத்துமுங்க, அப்ப மணி ஆறு."

"குருவியா?"

"ஆமாங்க. காலையில ஆறுக்கு ஒருக்கா, அந்திக்கு ஆறுக்கு ஒருக்கா. குளுரு காலத்துல எங்கிருந்தோ வரும், சித்திரை வந்தாப் போயிரும். ஆறுமணிக் குருவின்னுதான் சொல்லுவோம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, எலுமிச்சைத் தோப்புக்குள்ளிருந்து இரண்டு சீழ்க்கை எழுந்தது. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி. பாஷா மடியிலிருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார். பள்ளிவாசலே இல்லாத காட்டில் ஒரு குருவி தனக்கு நோன்பு திறந்துவிட்டது என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்தால் அதுவே ஒரு செய்திதான்.

அன்று ராத்திரி சங்ககிரிக் கடைவீதியில் மச்சான் வீட்டில் படுத்துவிட்டு, காலையில் வெளிச்சம் வந்ததும் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். எலுமிச்சைக்கு அடியில் சருகு சலசலத்தது. கோழிக்குஞ்சு அளவில் ஒரு பறவை, சருகை மூக்கால் புரட்டிப் புரட்டிப் போட்டுப் பூச்சி தின்றுகொண்டிருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றுக்குக் கீழே குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பு. வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு மொட்டை வால். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, அதன் நடுவில் கண் பளபளத்தது. தலையைத் தூக்கிப் பாஷாவைப் பார்த்தது. யாரும் மை வைக்காத கண். பாஷாவுக்கு அந்த இடத்திலேயே ஆசை விழுந்தது. சாவதற்குள் உயிருள்ள ஒன்றை, அதுவாகக் கண் திறந்து பார்க்கையில், ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும்.

சொல்வது சுலபம். அவருடைய காமிரா நாற்காலியில் அசையாமல் உட்காருகிறவர்களுக்கென்றே செய்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடித் தகட்டைச் செருகி, மூடியைத் திறந்து, 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவதற்குள் குருவி நாலு மரம் தாண்டிவிடும். வாரம் ஒருமுறை சங்ககிரிக்கு ரயிலேறினார். காமிராவைத் தரையோடு தரையாக வைத்து வாழைச்சருகால் மூடினார். பத்துக் கஜம் நீளத்துக்கு ரப்பர் குழாய் இழுத்து, அதன் நுனியிலிருந்த பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்புக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். பந்தை அமுக்கினால் அந்தப் பக்கம் காமிராவின் கண் திறந்து மூடும். முதல் தகட்டில் வெறும் சருகு விழுந்தது. இரண்டாவதில் காக்கை. மூன்றாவதில் சென்னியம்மாளின் வெள்ளாடு, அதுவும் வாயில் ரப்பர் குழாயோடு. பாஷா ஆட்டைத் திட்டிய திட்டில் அடுத்த காட்டுக்காரர்கள் கலப்பையை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள்.

சென்னியம்மாள் ஆட்டைக் கட்டிப்போட்டாள். அந்த ஒரு பாத்தியில் சருகு கூட்டாமல் விட்டாள். தினமும் ஒரே இடத்தில் கறையான் புற்றைக் கொத்திக் கொண்டுவந்து போட்டாள். குருவி அந்த இடத்துக்குப் பழகியது. அவள் பாத்தியின் ஓரமாக நடந்தாலும் ஓடாத அளவுக்குப் பழகியது.

"செத்துப்போனவருக்குச் செய்யறதுக்கு என்ன இருக்குதுங்க பாய்? அவருக்குக் கண்ணு குடுத்த கைக்கு இது செய்யக் கூடாதுங்களா?" என்பாள்.

மார்கழியில் ஒரு காலை, எட்டரை மணி இருக்கும். பனி விலகி வெயில் எலுமிச்சைக்குள் சாய்ந்து விழுந்தது. குருவி வந்தது, கறையானைப் பொறுக்கியது, நிமிர்ந்தது. நிமிர்ந்து நேராகக் காமிராவைப் பார்த்து நின்றது. பாஷா பந்தை அமுக்கினார். அது எட்டாவது தகடு.

வீட்டு இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தகட்டை மருந்தில் ஆட்டியபோது கணவனும் மனைவியும் மூச்சே விடவில்லை. முதலில் சருகு வந்தது, பிறகு மார்பு, பிறகு அந்தக் கண். ஊசிமுனையளவு ஒளிப்புள்ளியோடு வந்தது.

"நீ கையை வெச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார் பாஷா.

"எனக்கென்னங்க வேலை இதுல? இந்த வீட்டுல நான் வெக்காத கண்ணு இது ஒண்ணுதான்" என்று தூரிகையைத் தள்ளி வைத்தாள் வஹீதுன்னிசா. அவள் குரலிலும் பெருமை இருந்தது.

தை மாதம் சேலத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. கத்தரிக்காய், கரும்பு, பித்தளைச் சாமான், கைத்தறி என்று ஒரு பெரிய கொட்டகை நிறைய வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் ஓவியமும் புகைப்படமும். அந்த மூலைக்குப் பொறுப்பு மருதாசலம் என்கிற டிராயிங் மாஸ்டர். பாஷா குருவிப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். திறந்த அன்றைக்குத் துவைத்த சட்டையும் புதுத் துருக்கித் தொப்பியுமாகப் போய் நின்றார். படத்துக்குக் கீழே ஓர் அட்டை தொங்கியது. அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'பாடம் செய்த பறவை. உயிருள்ளதுபோல் தோன்றச் செய்த கைத்திறனுக்கு முதல் பரிசு.'

பாடம் செய்த பறவை! தோலை உரித்துப் பஞ்சு அடைத்த பொம்மை! பாஷா இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படிக்கவில்லை. 'எவன்டா எழுதினது?' என்று அவர் போட்ட சத்தத்தில் கத்தரிக்காய் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்க இந்த மூலைக்கு வந்துவிட்டது.

மருதாசலம் கும்பிட்டுக்கொண்டே வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் பாஷா அவருக்கு ஓர் அறை விட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம்.

"கோவிச்சுக்காதீங்க பாய். முதல் பரிசுதானே குடுத்திருக்கறேன்."

"பரிசைக் கொண்டுபோய் ஒடப்புல போடுய்யா. இது உசுரோட இருக்கிற குருவி. அதுவா வந்து நின்னுது, அதுவாப் பாத்துது. அட்டையை மாத்து."

மருதாசலம் சிரித்தார். பிரியமாகத்தான் சிரித்தார். "மூணு வருஷத்துக்கு முன்னால எங்கப்பாவை நீங்க உக்கார வெச்சீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? எங்கம்மா இன்னைக்கும் அந்தப் படத்தைப் பாத்து 'காப்பி ஆறுதுங்க'ன்னு சொல்றாங்க. எங்கப்பாவையே எழுப்பி உக்கார வெச்ச கைக்கு ஒரு குருவி எம்மாத்திரம் பாய்? அந்தக் கண்ணைப் பாருங்க. உங்க ஊட்டம்மா வெக்கிற கண்ணு எனக்குத் தெரியாதா?"

கூட்டம் 'ஆமாமா' என்றது. அவரவர் வீட்டுச் சுவரில் பாஷா கண் திறந்துவிட்ட ஒருவர் இருந்தார். பாஷா ரப்பர் குழாயைச் சொன்னார், பத்துக் கஜத்தைச் சொன்னார், எட்டுத் தகட்டைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்கள் ரசித்துக் கேட்டார்கள். ஒரு கிழவர் முதுகில் தட்டிக் கொடுத்து, 'பாய்க்குத் தொழில் ரகசியத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை' என்றார். பொய்யன் என்று ஏசியிருந்தால்கூடப் பாஷாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பாராட்டிக்கொண்டே கழுத்தை அறுக்கிறவர்களை என்ன செய்வது? அன்று வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளினார். 'இருபத்திரண்டு வருஷம் பொய்க் கண்ணைக் காட்டினேன், நம்பினானுங்க. ஒரு நாள் நிஜக் கண்ணைக் காட்டினா, பொய்ங்கிறானுங்க!' என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். வஹீதுன்னிசா தட்டை எடுத்து மூடி வைத்தாள். தன் கை வேலை தன் புருஷனின் வாயை அடைத்துவிட்டதே என்று அவளுக்கும் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை சங்ககிரிக்குப் போனார். படம் எப்படி இருந்தது என்று வந்து சொல்வதாகச் சென்னியம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். சொல்லப் போனவர் கத்தத் தொடங்கினார். மருதாசலத்தைத் திட்டினார், கண்காட்சியைத் திட்டினார், சேலத்து ஜனங்கள் மொத்தத்தையும் ஏழு தலைமுறைக்குத் திட்டினார். சென்னியம்மாள் கையில் மண்வெட்டியோடு நின்று கேட்டாள்.

"அப்ப என்ன செஞ்சா நம்புவாங்களாமுங்க?" என்றாள்.

"என்ன செஞ்சாலா? அந்தக் குருவியே நேரா வந்து சாட்சி சொன்னாத்தான் நம்புவான் அவன்!"

மருதாசலம் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. கோபத்தின் வாயில் வருவதற்குக் கணக்கு உண்டா? பாஷா அதைச் சொன்ன மாத்திரத்தில் மறந்துவிட்டு அடுத்த வசவுக்குப் போனார். சென்னியம்மாள் மறக்கவில்லை. பேசாமல் மடையைத் திருப்பப் போனாள். அவளுடைய பேச்சு நின்றதைப் பாஷா கவனிக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

கண்காட்சியின் நாலாவது நாள், கடைசி நாள். பாஷா காலையிலிருந்து படத்தின் பக்கத்தில் நின்று, வருகிற போகிற ஒவ்வொருவரிடமும் 'இது உசுருள்ள குருவி, அட்டையில் இருக்கிறது புளுகு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. மருதாசலம் தூரத்திலேயே நின்றுகொண்டார். பதினொரு மணி வாக்கில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சென்னியம்மாள் வந்தாள். தோட்டத்துப் புழுதி படிந்த கால், இடுப்பில் ஒரு கூடை, கூடையைச் சுற்றிக் கருப்பண்ணனின் கம்பளி.

"பாய், சாட்சி கொண்டாந்துட்டேனுங்க."

பாஷாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் மூச்சு வாங்க எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.

"கோழி மூடற பஞ்சாரத்தைக் குச்சியில நிறுத்தி, அடியில கறையானைப் போட்டு, கவுத்தை இழுத்தேனுங்க. என்னையக் கண்டு பயப்படாதுங்களே, உடனே உளுந்துருச்சு. விடியால வண்டிக்கு ஏறினேன். தை மாசத்துக் குளுரு, ரயில்ல காத்து ஈட்டியாட்டக் குத்துது. ஒடம்புக்கு ஆகாதுன்னு கம்பளியில நல்லா இறுக்கமாச் சுத்திக் கொண்டாந்தேன். பாருங்க, நீங்களே பாருங்க, உசுரோட இருக்குதா இல்லையான்னு."

அவள் கம்பளியைப் பிரித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. குருவி கூடையின் அடியில் ஒருச்சாய்ந்து கிடந்தது. வயிற்றுக்குக் கீழே இருந்த சிவப்பு மேலே தெரிந்தது. கண் மூடியிருந்தது.

சென்னியம்மாள் விரலால் அதைத் தொட்டாள். "எந்திரி சாமி" என்றாள். "எந்திரி. எந்திரி சாமி, வந்துட்டோம்."

கூட்டத்தில் யாரோ ஒருவன், 'அதனாலென்ன, பாய் கையில் கொடுங்கள், கண்ணைத் திறந்து வைத்துவிடுவார்' என்றான். பாஷா அவன்மேல் பாய்ந்து சட்டையைப் பிடித்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து விலக்க வேண்டியிருந்தது. அவன் அதைக் கிண்டலுக்குக்கூடச் சொல்லவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னான்.

மருதாசலம் குனிந்து குருவியைக் கையில் எடுத்தார். கழுத்து தளர்ந்து அவர் விரலுக்கு இந்தப் பக்கம் தொங்கியது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. பஞ்சு இல்லை, கம்பி இல்லை. படத்தைப் பார்த்தார். அதே கறுப்புப் பட்டை, அதே மொட்டை வால். "பாய்… என்னை மன்னிச்சிருங்க" என்றார். உடனே மேஜைக்குப் போய்ப் புது அட்டை எழுதிக் கொண்டுவந்தார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். கூட்டம் அட்டையையும் பார்த்தது, கூடையையும் பார்த்தது, மெல்லக் கலைந்தது.

பாஷாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நாலு நாளாக இதற்குத்தான் கத்தினார். இப்போது யாரைத் திட்டுவது? மருதாசலத்தையா? அந்த மனுஷன் அழுகிற மாதிரி நிற்கிறார். புருஷனின் கம்பளியால் குருவியைக் குளிருக்குப் போர்த்தியவளையா? வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு ரயிலேறி வந்தவன் யார்? அவருக்கு வந்த கோபம் இதுவரை வந்ததையெல்லாம் சேர்த்தாலும் ஈடாகாத கோபம். அதைக் கத்தித் தீர்க்க எதிரே ஆள் இல்லை. தன் தலையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். துருக்கித் தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

சென்னியம்மாள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு படத்தின் முன்னால் வந்து நின்றாள். அவள் அந்தப் படத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் பார்த்தாள்.

"அந்த வாத்தியாரு என்னங்க பாய் எழுதித் தொங்க உட்டிருக்காரு? எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

அட்டையில் இரண்டே வார்த்தைகள் இருந்தன. இத்தனை நாளும் அவை உண்மையாக இருந்தன, எழுத ஒருவரும் இல்லை. பாஷா அட்டையின் பக்கம் திரும்பினார்.

"உயிருள்ள பறவை" என்று படித்தார்.

"அப்ப நம்பிட்டாங்களாட்ட இருக்குதுங்க?"

"நம்பிட்டாங்கம்மா" என்றார் ஜான் பாஷா.